லெபனான் அன்ரியின் கேள்வி

லெபனான் அன்ரியிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. லிஃப்ற்றுக்குள் யாரோ சத்தி எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று சொன்னால்கூட, "நீ எங்கை நிண்டு பாத்தனீ?" என்று கேட்பார். உள்ளே நின்றா, வெளியே நின்றா, கதவு மூடும்போதா, திறக்கும்போதா என்று அடுத்தடுத்து வரும். கேட்டு முடிக்கும்போது, சொன்னவருக்கே தான் பார்த்தது வாந்திதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம் பதினான்கு மாடி வாடகைக் கட்டடம் ஒன்று. நாங்கள் மூன்றாம் மாடி, அவர் ஏழாம் மாடி. அவருடைய உண்மைப் பெயர் தமிழ்ச் சனத்தின் வாயில் நுழையவில்லை. அதனால் நாங்களே லெபனான் அன்ரி என்று ஒரு பெயர் வைத்துவிட்டோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ட்ரைகிளீனிங் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே காற்சட்டைகளின் கால் மடித்துத் தைத்துக் கொடுப்பார். குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டே பேசக்கூடியவர். பேசியது இங்கிலீஷ்தான், பாதி வசனத்தை வாயாலும் மீதியைக் கையாலும் முடிக்கிற இங்கிலீஷ். எனதும் அப்போது அப்படியொன்றும் திறமில்லை. இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அவர் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார், அப்படியே எழுதிவிடுகிறேன்.

நிலக்கீழ் லோன்றி அறையில்தான் முதலில் மாட்டிக்கொண்டேன். என் கணவரின் புது ஜீன்ஸ் ட்ரையருக்குள் இருந்து காணாமல் போயிருந்தது. அதைப் பத்தாம் மாடிப் பெண்தான் எடுத்தாள் என்று நான் சத்தம்போட்டுக்கொண்டிருந்தேன். மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த இந்த மனுசி எழும்பி வந்தார்.

"அவள் எடுக்கேக்கை நீ எங்கை நிண்டனீ?"

"மேலை, வீட்டிலை."

"அப்ப நீ காணேல்லை."

"காணேல்லை, ஆனா..."

"உந்த 'ஆனா'வைக் கொண்டுபோய் வீட்டிலை வைச்சிட்டு வா, பிறகு கதைப்பம்."

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. துணி மடிக்கும் மேசையில் மூன்று சொக்ஸை எடுத்து வைத்தார். இது ட்ரையர், இது கதவு, இது நீ என்றார். நான் என்று வைத்த சொக்ஸை மேசையை விட்டே எடுத்து என் கையில் தந்துவிட்டார். ஜீன்ஸ் அன்று பின்னேரம் பக்கத்து மெஷினின் உருளைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அந்த மனுசியின் மீது எரிச்சல் ஒரு பக்கம்.

கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து, எங்கள் போர் முடிந்த வருடம், வன்னியிலிருந்து தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை இங்கிலீஷில் எழுத ஆள் தேடினார்கள். உங்களுக்கு அந்த அனுபவம் இருக்கிறதாமே என்று இரண்டு இளம்பிள்ளைகள் வீடு தேடி வந்து கேட்டார்கள். இருக்கிறது, அதனால்தான் மாட்டேன் என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். திமிர் பிடித்த மனுசி என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அது அன்ரியின் போர், லெபனான் போர், முடிந்த வருடத்துக் கதை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்தில், ஓ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகளை வீட்டில் சும்மா விடமாட்டார்கள். ஒன்றில் தையல், இல்லாவிட்டால் ரைப்பிங். எனக்குத் தையல் வராது என்பதால் ரைப்பிங் வகுப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன். இதை எப்படியோ அறிந்துகொண்ட அன்ரி, ஒரு நாள் லோன்றி அறையில் என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, உன்ரை விரலை எனக்குக் கடன் தா" என்றார். இப்படித்தான் நான் ஏழாம் மாடிக்கு ஏறினேன்.

அங்கே சமையலறை மேசையில் ஒரு பழைய மின்சார ரைப்ரைட்டரும், சுவரோரம் சப்பாத்துப் பெட்டிகளும் இருந்தன. லெபனான் போரில் வீதித் தடைகளில் மறித்துக் கொண்டுபோகப்பட்டு, பிறகு திரும்பி வராதவர்கள் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு உறை. அன்ரி எந்த அமைப்பின் தலைவியும் இல்லை, செயலாளரும் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்து இறங்கும் லெபனான் குடும்பங்களைத் தேடிப்போய், கோப்பி குடித்து, நடந்ததைக் கண்ணால் கண்டவர்களை மட்டும் வீட்டுக்கு அழைத்து வந்து எழுதிக்கொள்வார். பெய்ரூத்தில் இருக்கும் சாட்சிகளிடம் ரெலிபோனில் கேட்பார். ஐரோப்பாவில் மனித உரிமைக்காரர்கள் சிலர் இவற்றைப் புத்தகமாகப் போடுவதற்குக் காத்திருந்தார்கள்.

அவருடைய முறை இதுதான். சாட்சி வந்து உட்கார்ந்ததும் சின்னக் கோப்பிக் கோப்பைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்புவார். இது தடை, இது வான் வண்டி, இது சுவர், நீ எங்கை நிண்டனீ? சாட்சி ஒரு கோப்பையைத் தானே எடுத்து வைக்க வேண்டும். அடுத்த நாள் வேறு இடத்தில் வைத்தால், "நேற்று அங்கை வைச்சனீ, இண்டைக்கு இஞ்சை வைக்கிறாய்" என்பார். ஒரு கிழவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் அழுததை நான் பார்த்தேன். அன்ரி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார், ஆனால் கோப்பையை வாங்கி வைக்கவில்லை. அவர் வைக்கும்வரை காத்திருந்தார்.

கேட்டது, கேள்விப்பட்டது, சனம் கதைக்கிறது எதுவும் ரைப்ரைட்டருக்கு வராது. சாட்சியின் பெயர் வராது, ஒரு எழுத்துத்தான். இந்தக் குழு செய்தது என்றால் எழுதுவார், அந்தக் குழு செய்தது என்றாலும் எழுதுவார். அதனால் அவரோடு சேர யாருமில்லை. அவருடைய சொந்தச் சனமே சுப்பர்மார்க்கெட்டில் கண்டால் வண்டிலைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். மரக்கறிப் பக்கம், வெங்காயத்துக்கு அருகில் நின்று கண்டேன்.

அவருக்கும் ஒரு உறை இருந்தது. மகன், பத்தொன்பது வயது, கல்லூரியிலிருந்து வரும் வழியில் போனவன். அதற்குள் இருந்த ஒரேயொரு தாளை அவர்தான் எழுதியிருந்தார், ஒரே வரி. மகன் போன நேரம் தாய் வீட்டில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். மகனைக் கண்ட சாட்சி ஒருவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. பிறருடைய பிள்ளைகளுக்கு முப்பது, நாற்பது பக்கம் அடித்த எனக்கு அந்த ஒரு வரியைப் பார்க்கப் பயமாக இருந்தது. கேட்டதை எழுதுவதில்லை என்ற சட்டத்தை அவர் தனக்கும் தளர்த்தவில்லை.

என் முறையும் வந்தது. ஒரு நாள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"உன்ரை தமையனைப் பிடிச்சதெண்டு சொன்னனீ. எப்பிடிப் பிடிச்சவங்கள்?"

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வவுனியாவில் பஸ்ஸை மறித்தார்கள், இளம் பெடியளை இறக்கினார்கள், அண்ணை திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார், வெள்ளைச் சேட் போட்டிருந்தார். எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகியிருந்தது.

அன்ரி ஈரக் கோப்பைகளை அடுக்கினார். "இது பஸ். நீ எங்கை இருந்தனீ?"

"அண்ணைக்குப் பக்கத்துச் சீற்றிலை."

"யன்னல் பக்கமோ, நடைபாதைப் பக்கமோ?"

"யன்னல்."

"அவன் இறங்கி எந்தப் பக்கம் போனவன்?"

நான் யன்னலுக்கு எதிர்ப்பக்கம், கதவுப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கோப்பையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். "அப்ப உன்ரை யன்னலாலை அவனைக் காணேலாது, பிள்ளை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

நான் அந்த பஸ்ஸில் இருக்கவில்லை. நெல்லியடியில் வீட்டில் இருந்தேன். அண்ணையோடு போன ஒருவர் வந்து எங்கள் அம்மாவிடம் சொன்னதை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கனடாவுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போகும் முன், மொழிபெயர்க்க வந்த தமிழர்தான் சொல்லித் தந்தார். "கண்டனான் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. கேட்டனான் எண்டா உவங்கள் பைலை மூடிப்போடுவாங்கள்." சத்தியம் பண்ணிவிட்டுச் சொன்னேன். நம்பினார்கள். அந்தப் பொய்தான் எனக்கு இந்த நாட்டில் கதவைத் திறந்தது. அதன் பிறகு என் கணவருக்கும் அதையே சொன்னேன், பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்ரியிடம் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எழும்பிப் போய்விட்டேன். இரண்டு கிழமை ஏழாம் மாடிப் பக்கம் போகவில்லை. என் அண்ணையை என்னிடமிருந்து இரண்டாம் தரம் பிடுங்கிக்கொண்டது போல அப்படியொரு கோபம். பிறகு ஒரு நாள் அவரே கதவைத் தட்டி, ஒரு தட்டில் ஏதோ கீரை வைத்துச் சுட்ட ரொட்டியைத் தந்தார். "ரைப் அடிக்க வா. உன்ரை கதையை நான் கேக்கமாட்டன்" என்றார். போனேன். போகாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருடம்தான் அவர்களுடைய போர் முடிந்தது. கட்டடத்தில் இருந்த இரண்டு லெபனான் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக இனிப்புக் கொடுத்தன. போர்க்காலத்தில் செய்த குற்றங்களுக்கு மன்னிப்பு என்று அங்கே சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களை நடத்தியவர்களில் சிலர் கோட் சூட் போட்டுக்கொண்டு மந்திரிகளாகவும் ஆனார்கள். எல்லாரும் அன்ரிக்குப் புத்தி சொன்னார்கள். முடிந்தது முடிந்துவிட்டது, பெட்டிகளைக் குப்பையில் போடு, நிம்மதியாகத் தூங்கு என்றார்கள். அன்ரி அவர்களுடைய இனிப்பை வாங்கினார், நன்றி சொன்னார். உள்ளே வந்து, "இனித்தான் பயமில்லாமல் பொய் சொல்லுவாங்கள். கெதியா அடி" என்றார்.

பொய் சொல்பவர்களில் ஒருவர் அப்போது பெரிய புள்ளியாகிக்கொண்டிருந்தார். பெய்ரூத்தில் ஒரு வீதித் தடையில் ஏழு இளைஞர்களைப் பாண் ஏற்றும் வான் வண்டியில் அடைத்துக் கொண்டுபோனது அவருடைய குழு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தான் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை என்று அவர் பேப்பருக்குப் பேப்பர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அந்த இடத்தில் கண்ட ஒரேயொரு ஆள் இருந்தாள். தனியாக வாழ்கிற வயதான பெண். அவளிடம் ரெலிபோன் இல்லை. அவள் வீடு ஒரு கடைக்கு மேல் இருந்தது. கடைக்கு எடுத்தால் கடைக்காரன் மேலே பார்த்துக் கூப்பிடுவான், அவள் இறங்கி வந்து பேசுவாள்.

அவள் முதலில் சொன்னது, வீட்டிலிருந்து பார்த்தேன் என்பதுதான். அன்ரிக்கு அது போதாது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேசையில் கோப்பைகளை வைத்தார். வீட்டிலை எங்கை? சமையலறையில். சமையலறையிலை எங்கை? யன்னலடியில். யன்னல் திறந்தோ, பூட்டியோ? பூட்டி. பூட்டின யன்னலாலை எப்பிடிப் பார்த்தனீ? மரத்தாலான யன்னல் மறைப்பில் இரண்டு பலகைகள் உடைந்திருந்தன, அந்த இடைவெளியால். அந்தப் பெரிய புள்ளி என்ன செய்துகொண்டு நின்றார்? தோடம்பழம் உரித்துக்கொண்டு நின்றார், உரித்து வானின் சாரதிக்கும் பாதி கொடுத்தார்.

கடைசியில் அந்தப் பெண் ஒன்று கேட்டாளாம். அன்ரி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

"பேர் வராதுதானே எண்டு கேக்கிறாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வராதெண்டு சொன்னன். ஆண்டவன்மேலை ஆணையாச் சொன்னன்."

பெயர் வரவில்லை. அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். ஆனால் நான் அடித்த தாளில் யன்னல் இருந்தது. இரண்டாம் மாடி, கடைக்கு மேலே, சமையலறை, உடைந்த இரண்டு பலகைகள். அந்தப் பலகைக்குச் சரியான இங்கிலீஷ்ச் சொல் என்னவென்று தெரியாமல், அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் நூலகத்தில் இறங்கி, அகராதி பார்த்து, சொல்லைக் கண்டுபிடித்து வந்தவள் நான்தான். என்ன சந்தோசம் எனக்கு! அன்ரி என் கன்னத்தில் கொஞ்சினார். "யன்னல் இல்லாட்டி இது கதை. யன்னலோடை இது சாட்சி" என்றார். அந்தத் தடைக்கு எதிரே, கடைக்கு மேலே, சமையலறை யன்னல் எத்தனை இருக்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

புத்தகம் வந்தது. மெல்லிய புத்தகம், நாங்கள் அனுப்பியதைச் சுருக்கி இருபத்திரண்டு பக்கம் போட்டிருந்தார்கள். இரண்டு மூன்று அரபுப் பேப்பர்கள் யன்னல் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டன. அன்ரி அவற்றை வெட்டி வைத்தார். நானும் ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவருக்குக் காட்டினேன்.

பிறகுதான் பஸர் அடிக்கத் தொடங்கியது. கீழ் வாசலிலிருந்து ஏழாம் மாடிக்கு அடிப்பார்கள். யாரென்று கேட்டால் பதில் வராது, மூச்சுச் சத்தம் மட்டும் வரும். அன்ரி நேரங்களைக் குறித்துவைத்தார். ஒரு நாள் வாசல் பலகையில் அவருடைய பெயர்ச் சீட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். காற்றுக்கு விழுந்திருக்கும் என்றார் கட்டட மேற்பார்வையாளர். அது கண்ணாடிக்குள் இருக்கும் சீட்டு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பால் பைகளோடு வருகிறேன், கதவுத் திறப்பை எடுக்கக் கை இல்லை. கறுப்புக் கோட் போட்ட ஒருவர் உள்ளே நின்று கதவைத் திறந்து பிடித்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல வாசனைத் தைலம், கையில் பொன் நிற ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டி. நன்றி சொன்னேன்.

"நீங்கள்தானே ஏழாம் மாடிக்கு ரைப் அடிச்சுக் குடுக்கிறனீங்கள்?" என்றார். அவர் பேசிய இங்கிலீஷ் என்னுடையதையும் அன்ரியினுடையதையும் விட எவ்வளவோ திறம்.

நான் பால் பைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்.

"புத்தகம் வாசிச்சனான். நல்ல நுணுக்கம். அந்த யன்னலை வாசிச்சவுடனை தெரு முழுக்க எனக்குக் கண்ணுக்கு முன்னாலை வந்திட்டுது."

"உங்களுக்கு அந்த இடம் தெரியுமோ?" என்று கேட்டேன். விசரி, கேட்டேன்.

"தெரியாமல்? மேலை ஏறுற படியிலை மூண்டாவது படி உடைஞ்சு கிடக்குது. தனிய இருக்கிற மனுசி. விழுந்தா ஆர் பாக்கிறது? கவனிக்கச் சொல்லி ஆக்களுக்குச் சொல்லியிருக்கிறன்."

இனிப்புப் பெட்டியை என் பால் பைகளுக்கு மேல் வைத்தார். "ஏழாம் மாடியிலை அவவிட்டைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு, கோட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். அவசரப்படவே இல்லை.

நான் வீட்டுக்குப் போகாமல் நேரே ஏழாம் மாடிக்குப் போனேன். சொன்னேன். அன்ரி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அவன் எங்கை நிண்டவன்?"

"தபால் பெட்டியளுக்குப் பக்கத்திலை."

கோப்பைகளை எடுக்கக் கை நீட்டியவர் நின்றார். "படி எண்டு சொன்னவனோ? நாங்கள் படியைப் பற்றி எழுதினாங்களோ?"

பிரதியை எடுத்து இருவரும் வாசித்தோம். வரி வரியாக, விரல் வைத்து வாசித்தோம். யன்னல் இருந்தது, பலகை இருந்தது, தோடம்பழம் இருந்தது. படி எங்கும் இல்லை. அன்ரி எழும்பி, இனிப்புப் பெட்டியை ரிப்பன் அவிழ்க்காமல் கொண்டுபோய்க் குப்பைக் குழாயில் போட்டார். ஏழு மாடியும் அது இடிபட்டுக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

பெய்ரூத்துக்கு லைன் கிடைக்க மூன்று நாள் எடுத்தது. நான் பக்கத்தில் நின்றேன். கடையில் எடுத்தது பழைய கடைக்காரன் இல்லை, வேறு ஆள். அன்ரி பேசினார், கேட்டார், திரும்பவும் கேட்டார். ரிசீவரை வைத்தார்.

"என்னவாம்?"

"மேல் வீட்டிலை ஒருத்தரும் இல்லையாம். எப்பவும் ஒருத்தரும் இருந்ததில்லையாம்."

என் கணவர் அன்றிரவு புத்தகத்தை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் எறிந்தார். "உமக்கேன் உந்த வேலை? எங்கடை இமிகிரேசன் பேப்பரே இன்னும் வரேல்லை. ஆரோ உம்மைப் பேர் சொல்லித் தேடுறான்" என்று கத்தினார். பேர் சொல்லவில்லை என்றேன். அதில் என்ன வித்தியாசம் என்றார்.

பயமாக இருந்தது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. போகும் ஒவ்வொரு நாளும் அன்ரி கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். ரைப்ரைட்டருக்கு மேல் துணி போட்டு மூடியாயிற்று. கோப்பைகள் அலுமாரிக்குள் போய்விட்டன. அவரைக் கண்டால் வண்டில் திருப்பிய அதே சனத்தின் வீடுகளுக்கு இப்போது தானாகப் போனார். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா என்று கேட்டார். ஒருவர், அவள் மலையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாளாம் என்றார். "தங்கச்சி வீட்டிலையாம்!" என்று ஓடிவந்து என்னிடம் சொன்னார். யார் கண்டது, எங்கே நின்று கண்டது என்று கேட்கவில்லை. இன்னொருவர், சைப்பிரசுக்குக் கப்பலில் போய்விட்டாளாம் என்றார். அதையும் நம்பினார். இரண்டையும் ஒன்றாக நம்பினார். தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டுக் கப்பல் ஏறியிருப்பாள் என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

மூன்றாவதாக ஒருவர் சொன்னதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அன்று கதவைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நாளும் அவருக்கு வயது தெரிந்ததில்லை. அன்று தெரிந்தது. தைத்து முடிக்காத காற்சட்டைகள் கதிரை முழுக்கக் கிடந்தன.

"நான் அவளை யன்னலடிக்குக் கொண்டுபோய் நிப்பாட்டினனான், பிள்ளை" என்றார். "அவள் வீட்டிலை எண்டுதான் சொன்னவள். அதோடை விட்டிருக்கலாம். நான்தான் கையைப் பிடிச்சு யன்னலடிக்குக் கொண்டுபோனனான்."

நானும்தான் என்று சொல்ல நினைத்தேன். அகராதி பார்த்துச் சொல் தேடியது நான் அல்லவா. கதிரையில் கிடந்த காற்சட்டைகளை எடுத்து அடுக்கினேன்.

அடுத்த நாள் அன்ரி, துணி தோய்க்கக் கீழே போகிறேன், ரெலிபோன் வந்தால் எடு என்று சொல்லிவிட்டு லோன்றிக் கூடையோடு போனார். முக்கால் மணித்தியாலம். நான் அவருடைய சமையலறையில் தனியாக இருந்தேன். ரெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அடிக்கவில்லை. சப்பாத்துப் பெட்டிகள் சுவரோரம் அப்படியே இருந்தன. என் வாழ்க்கையில் உண்மை சொல்லி ஒருவரையும் காப்பாற்றியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பொய் சொல்லித்தான் நான் உயிரோடு இருந்தேன். அதைத் தவிர அந்த மனுசிக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் கூடையோடு உள்ளே வந்தார்.

"ரெலிபோன் எடுத்தவ" என்றேன்.

"ஆர்?"

"அவதான். உங்களைக் கேட்டவ. சுகமா இருக்கிறாவாம். தேட வேண்டாமாம்."

கூடையைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணுக்கு அரபைத் தவிர வேறு பாஷை தெரியாது. எனக்கு அரபில் காலை வணக்கம்கூடத் தெரியாது. இது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், என் கதை உடைந்துவிடும்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"குரல் எப்பிடி இருந்தது?" என்றார்.

"தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச மாதிரி."

"ஓம்" என்றார் அன்ரி. "அவளுக்கு எப்பவும் தடிமன்தான்."

பிறகு கதிரையில் இருந்து, கூடையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் இருந்து மடித்தேன். முடியும்வரை அவர் என்னை வேறு எதுவும் கேட்கவில்லை.